மின்னணு ஆலைகளில் சிஎஸ்ஆர்: எங்கே பலிக்கிறது, எங்கே நின்றுபோகிறது

செல்போன் திரையைப் பெட்டியில் வைப்பதற்கு முன் துடைக்க வேண்டும். விரல் ரேகை, பசைத் தடம், தூசி எதுவும் தெரியக் கூடாது. இதற்கு வழக்கமாகப் பயன்படுவது ஆல்கஹால். 2008-ல் சீனாவின் சூச்சோ நகரில் ஆப்பிளுக்குத் திரை செய்துகொடுத்த விண்டெக் ஆலை அதை விட்டுவிட்டு என்-ஹெக்ஸேனுக்கு மாறியது. ஹெக்ஸேன் ஆல்கஹாலைவிட வேகமாக ஆவியாகும். துடைத்த திரை உடனே காயும். ஒரு ஷிஃப்டில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் துடைக்கலாம். காற்றோட்டம் சரியில்லாத அறையில் அந்த ஆவி நேராகத் துடைப்பவரின் மூச்சுக்குள் போகும், நரம்புகளைத் தாக்கும். முதலில் விரல்கள் மரத்துப்போகும், அப்புறம் நடை தள்ளாடும். 137 தொழிலாளர்கள் பாதிக்கப்பட்டதை ஆப்பிள் 2011-ல் வெளியிட்ட சப்ளையர் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. சப்ளையர்களுக்கான அதன் நடத்தை விதிகள் 2005-லிருந்தே நடைமுறையில் இருந்தவை.

2014 ஆகஸ்டில், இறுதி அசெம்பிளி நடக்கும் ஆலைகளில் என்-ஹெக்ஸேனையும் பென்சீனையும் பயன்படுத்தக் கூடாது என்று ஆப்பிள் தடை போட்டது. அதற்கு முன் சில மாதங்கள் தொண்டு அமைப்புகள் விடாமல் பிரசாரம் செய்திருந்தன. இதுபோன்ற தடை பொதுவாகப் பலிக்கும். ஒரு ரசாயனத்தின் பெயரைப் பட்டியலில் எழுதி இது கூடாது என்றால் ஆலை அதை வாங்குவதை நிறுத்திவிடும். மாற்றுப் பொருள் இருக்கிறது, செலவும் பெரிதில்லை.

ஆனால் ஹெக்ஸேன் உள்ளே வந்ததே வேகத்துக்காக. அந்த வேகத்தை எந்தத் தடைப் பட்டியலும் தொடவில்லை. மின்னணு உற்பத்தித் துறையில் நிறுவன சமூகப் பொறுப்புத் திட்டங்கள், அதாவது சிஎஸ்ஆர், இருபது ஆண்டுகளாகச் செய்துவந்ததை உற்றுப் பார்த்தால் இதே கோடுதான் திரும்பத் திரும்பத் தென்படுகிறது. பெயர் சொல்லிப் பட்டியலிட முடிகிற தீமைகள் குறைந்திருக்கின்றன. ஆர்டர் வருகிற விதத்திலிருந்தே முளைக்கிற தீமைகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

ஒரே பெயரில் இரண்டு வேலைகள்

சிஎஸ்ஆர் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பள்ளிக்குக் கணினி, ஊருக்குக் குடிநீர்த் தொட்டி, மரம் நடும் விழா. இது தர்மக் கணக்கு. ஆலைக்கு வெளியே நடப்பது. மின்னணுத் துறையில் இதே பெயரில் இன்னொரு வேலையும் நடக்கிறது: தனக்குப் பொருள் செய்து கொடுக்கும் ஆலைகளில் வேலை நேரம், பாதுகாப்பு, கழிவு எல்லாம் எப்படியிருக்க வேண்டும் என்று பிராண்டு கம்பெனி விதி போட்டு, ஆள் அனுப்பிச் சோதிப்பது. இரண்டும் ஒரே அறிக்கையில், ஒரே மாதிரி சிரிக்கும் முகங்களின் படங்களோடு அச்சாவதால் வாசிப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

இந்திய கம்பெனிகள் சட்டம் 2013-ன் 135-வது பிரிவு இந்த வித்தியாசத்தை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகிறது. குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது அது. ஆனால் சொந்தத் தொழிலாளர்களுக்கு மட்டும் பலன் தரும் செலவை இந்தக் கணக்கில் சேர்க்க விதிகள் இடம் தரவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. தொழிலாளிக்குச் செய்ய வேண்டிய கடமையைச் செய்துவிட்டு அதையே தர்மமாகக் காட்டக் கூடாதல்லவா? விளைவு என்னவென்றால், சட்டப்படியான சிஎஸ்ஆர் அறிக்கையைப் படித்து ஓர் ஆலைக்குள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே முடியாது. இந்தக் கட்டுரை பேசுவது இரண்டாவது வகையைப் பற்றித்தான்.

அந்த இரண்டாவது வகை துறை முழுமைக்குமான ஏற்பாடாக மாறியது 2004-ல். அந்த ஆண்டு ஜனவரியில் காஃபோட் என்ற பிரிட்டன் தொண்டு அமைப்பு, மெக்சிகோ, தாய்லாந்து, சீனா ஆகிய நாடுகளில் கணினிப் பாகங்கள் செய்யும் தொழிலாளர்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. ஹெச்பி, டெல், ஐபிஎம் பெயர்கள் அதில் அடிபட்டன. அக்டோபரில் அந்தக் கம்பெனிகளும் அவற்றுக்கு உற்பத்தி செய்துகொடுக்கும் சில ஒப்பந்த நிறுவனங்களும் சேர்ந்து ஒரு பொது நடத்தை விதியை அறிவித்தன. அந்த விதியைச் சுற்றி உருவான கூட்டணிதான் 2017-ல் ரெஸ்பான்சிபிள் பிசினஸ் அலையன்ஸ், சுருக்கமாக ஆர்பிஏ, என்று பெயர் மாற்றிக்கொண்டது. தொழிலாளர் நலன், உடல்நலமும் பாதுகாப்பும், சுற்றுச்சூழல், வணிக நேர்மை, நிர்வாக முறை என்று ஐந்து பகுதிகள். துறையே தனக்கு எழுதிக்கொண்ட விதி அது. தொழிற்சங்கங்கள் உட்கார்ந்து எழுதியதல்ல. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருகிற பல விஷயங்கள் புரியும்.

ஆடிட் நாள்

தேதி பெரும்பாலும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். காலையில் மேலாளர்களோடு தொடக்கக் கூட்டம். பிறகு ஆலையைச் சுற்றி வருவார்கள். அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறதா, தீயணைப்பானின் தேதி முடிந்துவிட்டதா, ரசாயனப் பீப்பாய்க்கு அடியில் கசிவுத் தட்டு இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பார்கள். அப்புறம் காகிதங்கள்: சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு, வயதுச் சான்று. சில தொழிலாளர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசுவார்கள். கடைசியில் குறைகளின் பட்டியல் வாசிக்கப்படும், எதை எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று ஒப்புக்கொள்ளப்படும். எல்லாம் சில நாட்களில் முடிந்துவிடும்.

அனுபவமுள்ள ஆடிட்டர் வருகைப் பதிவை மட்டும் நம்ப மாட்டார், தரச் சோதனைப் படிவங்களைக் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருந்ததாக வருகைப் பதிவு சொல்லும். அதே ஞாயிறன்று சாலிடரிங் அடுப்பின் வெப்பநிலையை மணிக்கணக்கு தவறாமல் யாரோ குறித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பொருளைப் பற்றிய பதிவில் பொய் எழுத ஆலை தயங்கும். நாளைக்குப் பழுதான சர்க்யூட் பலகை திரும்பி வந்தால் அது எந்த லைனில் எந்த நேரத்தில் செய்தது என்று தேட வேண்டுமே. ஆளைப் பற்றிய பதிவுக்கு அந்தப் பயமில்லை. இரட்டைக் கணக்கு வைத்திருப்பதும், ஆடிட்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று தொழிலாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பதும் இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். இதற்கென்றே ஆலோசனை சொல்லிச் சம்பாதிப்பவர்களும் உண்டு.

பெரிய பெயர்களும் இதில் மாட்டியிருக்கின்றன. 2020 நவம்பரில், தைவான் நிறுவனமான பெகட்ரான் மாணவத் தொழிலாளர்களை இரவு ஷிஃப்டிலும் ஓவர்டைமிலும் வேலை வாங்கியதை மறைக்க ஆவணங்களைத் திருத்தியதாகச் சொல்லி, ஆப்பிள் அதற்குப் புதிய வேலை தருவதை நிறுத்திவைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, ஐபோன்களை அசெம்பிள் செய்துதரும் ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் மாபெரும் செங்சோ ஆலையில் தற்காலிகத் தொழிலாளர் எண்ணிக்கை சீனச் சட்டம் அனுமதிக்கும் 10 சதவீதத்தைத் தாண்டியிருந்ததை ஆப்பிளும் ஃபாக்ஸ்கானும் ஒப்புக்கொண்டன. உலகிலேயே அதிகமாக ஆடிட் செய்யப்பட்ட ஆலைகளில் ஒன்று அது. அதை வெளியே கொண்டுவந்தது ஆடிட் அல்ல, சைனா லேபர் வாட்ச் என்ற கண்காணிப்பு அமைப்பு ஆலைக்குள் ஆள் அனுப்பி எடுத்த தகவல்.

ஆடிட்டின் கண் ஆலைச் சுவரோடு நின்றுவிடுவது இன்னொரு சிக்கல். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளர்கள் சாலையை மறித்த பிறகுதான் விஷயம் பெரிதானது. சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் அதன் பின் கண்டறிந்து ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. விடுதியை நடத்தியவர்கள் வெளி ஒப்பந்ததாரர்கள். ஆலைக்குள் எல்லாம் விதிப்படி இருந்திருக்கலாம், ஆனால் தொழிலாளி சாப்பிடுவதும் தூங்குவதும் விதியின் ஓரத்தில் நடந்தது.

60 மணி நேரம் என்ற எண்

வேலை நேரம்தான் இந்தத் திட்டங்களுக்கு உண்மையான சோதனை. துறையின் விதி, வாரத்துக்கு ஓவர்டைம் உட்பட 60 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்கிறது. உள்ளூர்ச் சட்டத்தின் வரம்பையும் மீறக் கூடாது என்றும் சொல்கிறது. சீனச் சட்டத்தில் வாரத்துக்கு 40 மணி நேரம், அதற்கு மேல் மாதத்துக்கு 36 மணி நேர ஓவர்டைம். கூட்டிப் பார்த்தால் வாரத்துக்குச் சுமார் 49 மணி. ஆனால் கம்பெனி அறிக்கைகளில் பெரிய எழுத்தில் வருவது 60 தான்.

2010-ல் ஃபாக்ஸ்கானின் சீன ஆலைகளில் அடுத்தடுத்து நடந்த தற்கொலைகளில் 14 இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். நிர்வாகம் சம்பளத்தை உயர்த்தியது, கட்டடங்களைச் சுற்றி வலை கட்டியது. உலகப் பத்திரிகைகளின் பார்வை அங்கே திரும்பியது. 2012 ஜனவரியில் ஆப்பிள், ஃபேர் லேபர் அசோசியேஷன் என்ற அமைப்பில் சேர்ந்து, மூன்று ஃபாக்ஸ்கான் ஆலைகளை ஆராயச் சொன்னது. 35,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. வேலை உச்சத்தில் இருந்த காலங்களில் 60 மணி நேர வரம்பு மீறப்பட்டதும், ஓவர்டைம் கணக்கில் சிலருக்குப் பணம் குறைக்கப்பட்டதும், ஆலைத் தொழிற்சங்கத்தில் நிர்வாகத்தின் ஆட்கள் உட்கார்ந்திருந்ததும் அறிக்கையில் பதிவாயின.

இதன் பிறகு நடந்த மாற்றம் சாதாரணமானதல்ல. ஆப்பிளின் சொந்தக் கணக்குப்படி, சப்ளையர் ஆலைகளில் 60 மணி நேர வரம்பைக் கடைப்பிடித்த விகிதம் 2011-ல் 38 சதவீதம், 2012-ல் 92 சதவீதம். அந்த ஓராண்டில் செய்தது என்ன என்று பார்த்தால், ஆண்டுக்கொரு முறை ஆடிட் என்றிருந்ததை மாற்றி, பத்து லட்சம் தொழிலாளர்களின் வேலை நேரத்தை வாராவாரம் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள், முடிவுகளை மாதாமாதம் வெளியிட்டார்கள். மேலே இருப்பவர் தினமும் கேட்கிற கேள்விக்குக் கீழே இருப்பவர் பதில் தயார் செய்வார். சிஎஸ்ஆர் வெறும் விளம்பரம் என்று ஒரேயடியாகத் தள்ளுபவர்கள் இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சப்ளையர் தந்த பதிவுகளிலிருந்து வந்த எண் என்று சந்தேகிக்கலாம், சந்தேகிக்கவும் வேண்டும். ஆனாலும் திசை உண்மையானது என்றே நினைக்கிறேன்.

சரி, 60-லிருந்து சட்டப்படியான 49-க்கு ஏன் வர முடியவில்லை? 2013 ஜூலைக்குள் வந்துவிடுவதாக ஃபாக்ஸ்கான் ஒப்புக்கொண்டிருந்தது. ஃபேர் லேபர் அசோசியேஷன் 2013 டிசம்பரில் தந்த கடைசி அறிக்கையில், 60 மணி நேரம் பெரும்பாலும் கட்டுக்குள் வந்திருந்தது. மாதம் 36 மணி நேர ஓவர்டைம் என்ற சட்ட வரம்பை எட்டவில்லை.

காரணத்தில் பாதி அந்த 2012 கருத்துக்கணிப்பிலேயே இருக்கிறது. தங்கள் வேலை நேரம் சரியாகத்தான் இருக்கிறது என்று 48 சதவீதம் பேர் சொன்னார்கள். இன்னும் அதிக நேரம் வேலை செய்து இன்னும் சம்பாதிக்க வேண்டும் என்றார்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நேரம் அதிகம் என்று சொன்னவர்கள் 18 சதவீதம்கூட இல்லை. அதே ஆட்களில் 64 சதவீதம் பேர், வாங்கும் சம்பளம் அடிப்படைத் தேவைகளுக்குப் போதவில்லை என்றார்கள். இரண்டு பதில்களையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும். அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே இருக்கும்போது, கையில் மிஞ்சுகிற பணம் ஓவர்டைமிலிருந்துதான் வருகிறது. சம்பளத்தை ஏற்றாமல் நேரத்தை மட்டும் குறைத்தால், தொழிலாளி அடுத்த தெருவில் ஓவர்டைம் தருகிற ஆலைக்குப் போய்விடுவார். நேரத்துக்கு வரம்பு போட்ட விதி, சம்பளத்தைப் பற்றிச் சொன்னதெல்லாம் சட்டப்படியான குறைந்தபட்சம் கொடு என்பதோடு நின்றுவிட்டது.

மறு பாதி ஆர்டரில் இருக்கிறது. புதிய மாடல் அறிவித்த சில வாரங்களில் கோடிக்கணக்கான கருவிகள் கடைக்கு வர வேண்டும். அந்த வாரங்களில் ஆலைக்கு இரு மடங்கு ஆள் தேவை, அப்புறம் பாதிப் பேருக்கு வேலையில்லை. முன்கூட்டித் தெரியாத ஆர்டர் மாற்றம் ஒன்று வந்தால் அதைச் சமாளிக்க ஆலையின் கையில் இருப்பவை ஓவர்டைமும் தற்காலிக ஆட்களும்தான். ஹெச்பி தன் சப்ளையர் ஆடிட் விவரங்களை அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் லாக்கும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் ஆராய அனுமதித்தது. பல ஆண்டு ஆடிட்டுக்குப் பிறகும் வேலை நேர மீறல்கள் பரவலாகத் தொடர்வதையும், வாங்குபவரின் ஆர்டர் ஏற்ற இறக்கம் அதற்கு ஒரு காரணம் என்பதையும் அவர்கள் கண்டார்கள். தொழிலாளர் சட்டத்தை அரசு ஒழுங்காக அமல்படுத்தும் நாடுகளில் ஆலைகளின் நடத்தையும் மேலாக இருந்தது. தனியார் விதி அரசு விதிக்கு மாற்றாகாது, துணையாகத்தான் நிற்க முடியும் என்பது அதிலிருந்து தெரிகிறது.

பணம் எவ்வளவு என்று பார்த்தால் நிலைமை இன்னும் விசித்திரம். கிரேமர், லிண்டன், டெட்ரிக் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2010-ம் ஆண்டு ஐபோனைப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். விற்பனை விலையில் சீனத் தொழிலாளர் கூலி 1.8 சதவீதம், ஆப்பிளின் லாபம் 58.5 சதவீதம். கூலியை இரட்டிப்பாக்கினாலும் விலையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் கூலி கொடுப்பது பிராண்டு அல்ல, நடுவில் இருக்கிற அசெம்பிளி நிறுவனம். அதன் லாபம் நூற்றுக்கு இரண்டு மூன்று ரூபாய்தான். ஒரே கம்பெனியில் சிஎஸ்ஆர் துறை ஆலையிடம் போய் நேரத்தைக் குறை என்று சொல்லும், கொள்முதல் துறை அதே ஆலையிடம் போய் விலையைக் குறை என்று சொல்லும். ஆலை யார் பேச்சைக் கேட்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்ஃபோன் நிறுவனம் இந்த முடிச்சை ஒரு சின்ன அளவில் அவிழ்த்துக் காட்டியது. வாழ்க்கைக்குப் போதுமான கூலிக்கும் உண்மையில் கிடைக்கும் கூலிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டு, தன் பங்கைப் போனஸாக ஆலைத் தொழிலாளர்களுக்குத் தந்தது. போன் ஒன்றுக்கு அதற்கான செலவு ஓரிரு யூரோ. மிகச் சிறிய கம்பெனி என்பதால் அதன் ஆர்டர் ஆலையின் மொத்த வேலையில் ஒரு துளி, முழு இடைவெளியையும் அதனால் நிரப்ப முடியாது. பெரிய கம்பெனிகளுக்கு அந்தச் சாக்கு இல்லை.

ஏஜென்ட் கமிஷன்: பலித்த ஓர் இடம்

மலேசியாவின் மின்னணு ஆலைகளில் நேபாளம், வங்கதேசம், இந்தோனேசியா, மியன்மார் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். வேலை கிடைக்க ஏஜென்டுக்குப் பணம் கட்ட வேண்டும். அதற்குக் கடன், கடன் முடியும்வரை ஆலையை விட்டு நகர முடியாது, பாஸ்போர்ட் வேறு யாரோ ஒருவர் கையில். 2014-ல் வெரிடே என்ற அமைப்பு அங்கே சுமார் 500 தொழிலாளர்களிடம் பேசி, அவர்களில் 28 சதவீதம் பேர் கட்டாய உழைப்பு என்று சொல்லத்தக்க நிலையில் இருப்பதாக அறிவித்தது.

இதற்கு எதிர்வினை வேகமாக வந்தது. வேலைக்கு எடுக்கும் செலவு முதலாளியுடையது, தொழிலாளியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது என்று துறையின் விதி 2015-ல் மாற்றப்பட்டது. ஆப்பிள் 2008 முதல் அதிகப்படிக் கமிஷனைத் திருப்பிக் கொடுக்க வைத்துவந்தது. 2015-லிருந்து எந்தக் கமிஷனும் கூடாது என்றது. இப்படித் தொழிலாளர்களுக்குத் திரும்பிய தொகை 3 கோடி டாலருக்கும் மேல். தாய்லாந்தில் கேல்-காம்ப் ஆலைகளில் வேலை செய்த ஆயிரக்கணக்கான மியன்மார் தொழிலாளர்களுக்கும் கட்டிய பணத்துக்கு இழப்பீடு கிடைத்தது. அங்கே அழுத்தம் தந்தது எலெக்ட்ரானிக்ஸ் வாட்ச். ஐரோப்பாவின் அரசு அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் கணினி வாங்கும்போது ஒப்பந்தத்திலேயே தொழிலாளர் நிபந்தனை போட உதவும் அமைப்பு அது. ஆலைப் பகுதியில் தொழிலாளர்களோடு பழகும் உள்ளூர் அமைப்புகள் மூலம் தகவல் எடுக்கிறது.

இந்த விஷயத்தில் பலித்ததற்குக் காரணம் உண்டு. கமிஷன் ஒரு தொகை. யார் கட்டினார், எவ்வளவு என்று கேட்டு எழுதலாம், கணக்குப் போட்டுத் திருப்பித் தரலாம். பிராண்டின் விற்பனை அட்டவணையில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஏஜென்டுகள் இப்போது ரசீதில்லாமல் வாங்குகிறார்கள், தொழிலாளியிடம் பணம் கட்டவில்லை என்று சொல்லச் சொல்கிறார்கள் என்ற புகார்களும் உண்டு. அப்படியிருந்தும் ஒரு காலத்தில் பெரிதாக யாரும் குற்றமாகவே நினைக்காத ஒன்று இன்று குற்றமாகப் பார்க்கப்படுகிறது.

சுரங்கம்வரை நீளும் கை

கருவிக்குள் இருக்கும் டின், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் ஆகியவற்றில் ஒரு பங்கு காங்கோவின் கிழக்குப் பகுதியிலிருந்து வருகிறது. அங்கே ஆயுதக் குழுக்கள் சுரங்கங்களிலிருந்து பணம் பறித்துப் போர் நடத்தின. 2010-ல் அமெரிக்காவின் டாட்-ஃபிராங்க் சட்டம், 1502-வது பிரிவில், இந்த நான்கு கனிமங்கள் எங்கிருந்து வருகின்றன என்று கம்பெனிகள் ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும் என்றது. துறை கண்டுபிடித்த வழி புத்திசாலித்தனமானது. சுரங்கங்கள் ஆயிரக்கணக்கில், கருவிகள் கோடிக்கணக்கில். நடுவில் உலோகத்தை உருக்கும் ஆலைகள் சில நூறுதான். கழுத்து குறுகலான அந்த இடத்தில் சோதனையை வைத்தார்கள். 2014 தொடக்கத்தில் இன்டெல் தன் ப்ராசஸர்களில் போர்க் கனிமம் இல்லை என்று அறிவிக்க முடிந்தது அதனால்தான்.

சுரங்கம் தோண்டியவர்களுக்கு என்ன ஆனது? சட்டம் வந்த சில வாரங்களில் காங்கோ அதிபர் கிழக்கு மாகாணங்களில் சுரங்க வேலைக்கே தடை போட்டார். தடை 2011 மார்ச்சில் நீங்கியபோது, வாங்குபவர்கள் வில்லங்கம் வேண்டாமென்று ஒதுங்கிவிட்டார்கள். கையால் தோண்டிப் பிழைத்தவர்களின் வருமானம் போனது. தடையால் பாதிக்கப்பட்ட சுரங்கங்களுக்கு அருகிலிருந்த ஊர்களில் குழந்தை இறப்பு கூடியதாகப் பின்னால் வந்த ஓர் ஆய்வு கண்டது. ஆயுதக் குழுக்கள் தங்கத்துக்கு மாறின, ஏனென்றால் தங்கத்தைச் சட்டைப் பையில் வைத்து எல்லை கடத்தலாம். டின், டான்டலம், டங்ஸ்டன் சுரங்கங்களில் பலவற்றிலிருந்து ஆயுதக் குழுக்கள் விலகியதாகச் சொன்ன கணக்குகளும் உண்டு. ஆனால் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே 2024 அக்டோபரில், இந்த அறிக்கை விதியால் காங்கோவில் வன்முறை குறைந்ததாகத் தெரியவில்லை என்று எழுதியது. அதே ஆண்டு எம்23 ஆயுதக் குழு ருபாயாவில் கோல்டான் (டான்டலம் எடுக்கும் தாது) சுரங்கத்தைப் பிடித்துக்கொண்டு வரி வசூலிக்கத் தொடங்கியது.

அறிக்கை தருவதற்கான விதி கம்பெனிக்கு ஒரு எளிய வாசலைத் திறந்து வைக்கிறது: சிக்கலான இடத்திலிருந்து வாங்காமல் விட்டுவிடலாம். சங்கிலி சுத்தமாகிவிடும். சங்கிலியின் முனையில் இருந்த ஆள் கணக்கிலிருந்தே காணாமல் போய்விடுவார்.

ஆபத்து இடம் மாறும்போது

சிப் ஆலைகளின் கதை பழையது. 1980-களில் அமெரிக்காவில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தின் ஆலையில் பெண் தொழிலாளர்களிடையே கருச்சிதைவு அதிகம் என்று ஓர் ஆய்வு காட்டியது. சிப் செய்யும்போது பயன்படும் கிளைகால் ஈத்தர் வகைக் கரைப்பான்கள் மேல் சந்தேகம் விழுந்தது. பின்னால் வந்த பெரிய ஆய்வுகளும் அதையே உறுதிசெய்ய, அமெரிக்க நிறுவனங்கள் அவற்றைப் படிப்படியாகக் கைவிட்டன. பொறுப்பான துறை என்ற பெயரும் கிடைத்தது. இதே காலத்தில் உற்பத்தி ஆசியாவுக்கு நகர்ந்தது. 2009-ல் தென் கொரிய சிப் ஆலைகளின் ரசாயனங்களைச் சோதித்தபோது அதே வகைக் கரைப்பான்கள் அங்கே இருந்தன.

சாம்சங்கின் கிஹுங் ஆலையில் வேலை செய்த 22 வயதுப் பெண் ஒருவர் 2007-ல் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய தந்தை, ஒரு டாக்சி ஓட்டுநர், இது வேலையால் வந்த நோய் என்று சொல்லி ஆரம்பித்த போராட்டம் பதினோரு ஆண்டு நடந்தது. 2018 நவம்பரில் சாம்சங் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது; பாதிக்கப்பட்டவருக்கு 15 கோடி வான்வரை இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. அந்தப் பதினோரு ஆண்டும் அழகான நிலைத்தன்மை அறிக்கைகள் வந்துகொண்டுதான் இருந்தன. ஆலையில் என்னென்ன ரசாயனம் என்ற விவரம் மட்டும் வணிக ரகசியமாகவே இருந்தது.

நியாயமாகச் சொன்னால், இதே சிப் துறைதான் யாரும் கட்டாயப்படுத்தாமல் ஒரு பெரிய காரியத்தையும் செய்திருக்கிறது. பூமியை வெப்பமாக்கும் பிஎஃப்சி வாயுக்களை 1995 அளவிலிருந்து 10 சதவீதம் குறைக்க 1999-ல் உலகச் சிப் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. 2010-ல் குறைப்பு 32 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அளக்கக்கூடிய வாயு, கைக்கெட்டும் தொழில்நுட்பம், எல்லாரும் ஒரே நேரத்தில் செய்ததால் யாருக்கும் போட்டியில் நஷ்டமில்லை. ஐரோப்பாவின் ரோஹ்ஸ் விதி 2006 ஜூலையிலிருந்து ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவற்றைக் கட்டுப்படுத்தியதும் இப்படியே பலித்தது. அது சட்டம், தன்னார்வம் அல்ல. ஆனால் ஐரோப்பாவுக்கு ஒரு மாதிரி, மற்ற நாடுகளுக்கு வேறு மாதிரி என்று பொருள் செய்வது ஆலைக்குக் கட்டாது என்பதால் பலன் உலகம் முழுவதும் பரவியது.

சட்டத்தின் பக்கம் சாயும் தராசு

தன்னார்வ விதிகளின் எல்லை தெரிந்த பிறகு அரசுகள் உள்ளே வரத் தொடங்கின. ஜெர்மனியின் சப்ளை சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் பரந்த ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கம்பெனி தன் சங்கிலியில் இருக்கும் ஆபத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், தடுக்க வேண்டும் என்பதோடு, தேவையானால் தன் கொள்முதல் முறையையே மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறார்கள். இருபது ஆண்டு நடத்தை விதிகள் சப்ளையரைப் பார்த்தே எழுதப்பட்டவை. வாங்குபவரின் ஆர்டரையும் விலையையும் நோக்கி விரல் நீட்டிய வரி இதுபோன்ற சட்டங்கள் மூலம்தான் சட்டப் புத்தகத்துக்குள் வந்தது. மறு ஆண்டே, தொழில் நிறுவனங்களின் எதிர்ப்புக்குப் பிறகு, அமலாகும் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். எத்தனை கம்பெனிகளுக்கு அது பொருந்தும் என்பதைச் சுருக்கும் வேலையும் தொடங்கியது.

அந்தச் சட்டம் அமலாகும்வரை ஒரு கம்பெனியின் அறிக்கையை எடைபோட நினைப்பவர், எத்தனை ஆலைகளை ஆடிட் செய்தார்கள் என்ற எண்ணைத் தாண்டிப் போய்விடலாம். வேலை நேரத்தை 60-ஓடு ஒப்பிட்டிருக்கிறார்களா, அந்த நாட்டுச் சட்டத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்களா? தற்காலிக ஆட்கள் எத்தனை பேர் என்று சொல்லியிருக்கிறார்களா? விலை பேசும்போது கூலிக்கென்று தனியாகத் தொகை ஒதுக்குகிறார்களா? கடைசி நேரத்தில் ஆர்டரை மாற்றினால் அதன் செலவு யாருடையது? முதல் கேள்விக்குச் சில அறிக்கைகளில் பதில் கிடைக்கும். கடைசி இரண்டு கேள்விகளுக்குப் பதிலிருக்கும் பக்கத்தை இந்தத் துறையின் பெரிய பெயர்களின் அறிக்கைகளில் நான் இன்னும் பார்க்கவில்லை.